கஞ்சமலையும் உருக்கின் பதமும்

சேலம் என்றதும் சிலருக்கு மாம்பழம் ஞாபகத்துக்கு வரும். சிலருக்குக் குண்டஞ்சு வேஷ்டி ஞாபகத்துக்கு வரும். வெயில் தாங்காதவர்களுக்கு ஏற்காட்டு மலைப்பாதை ஞாபகத்துக்கு வரும். இரும்பு ஞாபகத்துக்கு வருகிறவர்கள் வெகு சிலரே. ஆனால் மாம்பழத்தைப் பற்றி யாதொன்றும் அறியாத தூர தேசத்து ரசாயன சாஸ்திரிகள், தென்னாட்டு உருக்குக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதன் ரகசியம் என்ன?" என்று வருஷக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ரகசியத்தின் ஒரு நுனியைப் பிடிக்க வேண்டுமானால் சேலத்துக்கு மேற்கேயுள்ள கஞ்சமலைக்குப் போவதே உத்தமம்.

சூரமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கி மேற்கே செல்லும் சாலையைப் பிடித்தால், சிறிது தூரத்துக்கெல்லாம் அந்த மலை கண்ணுக்குப் புலப்பட்டுவிடுகிறது. சேர்வராயன் மலையைப்போல் கூட்டத்தோடு நிற்கும் மலையல்ல இது. சமவெளியின் நடுவே, கோபித்துக்கொண்டு குடும்பத்தை விட்டுப் பிரிந்து வந்தவனைப்போல், தன்னந்தனியாகப் படுத்திருக்கிறது. உயரம் சுமார் 3,200 அடி. ஆனால் அதன் பெருமை உயரத்தில் இல்லை, உடம்பில் இருக்கிறது. மலையின் பாறைகளில் கருப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாக வரிகள் ஓடுகின்றன. வெளுப்பு, வெறும் படிகக் கல். கருப்பு, காந்தம் இழுக்கும் இரும்புத் தாது.

நல்ல மழை பெய்து ஓய்ந்தபின் இந்தப் பக்கத்து ஓடைகளில் போய்ப் பார்க்க வேண்டும். மணலின்மேல் மை தெளித்தாற்போல் கருமணல் கோடு கோடாகப் படிந்திருக்கும். குழந்தைகள் விளையாடும் காந்தத் துண்டை அதில் புரட்டினால் அதற்கு மீசை தாடி முளைத்துவிடும்! பழைய காலத்தில் இரும்பு எடுத்தவர்களுக்கு இந்த மழைதான் கூலியில்லாத வேலைக்காரன். மலையை உடைத்துப் பொடியாக்கி, கல்லைக் கழித்து, கனமான தாதுவை மட்டும் அது ஓடையில் சேர்த்து வைத்துவிடும்.

சித்தர் கோயில்

மலையடிவாரத்தில் இருக்கிறது சித்தர் கோயில். அமாவாசைதோறும் இங்கே ஜனங்கள் திரளாக வந்து தீர்த்தமாடிச் செல்கிறார்கள். ஆடி அமாவாசையன்று சொல்லவே வேண்டியதில்லை.

கோயிலைப்பற்றி ஒரு கதை வழங்குகிறது. வயது முதிர்ந்த சித்தர் ஒருவர் மூலிகை தேடி இந்த மலைக்கு வந்தாராம். உலையில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கிளறுவதற்குக் கரண்டி இல்லாமல், அருகில் கிடந்த ஒரு குச்சியை ஒடித்து அவர் கிளறினார். சோறு முழுதும் கறுத்துப்போய்விட்டது. பயந்துபோன சித்தர், கறுத்த சோற்றைத் தாமே உண்டுவிட்டார். உடனே நரை திரை நீங்கி வாலிபராகிவிட்டார் என்பது கதை.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் சௌகரியம். ஆனால் ஒரு விஷயம் என்னவோ ஆச்சரியமாயிருக்கிறது. பானையிலே ஒரு குச்சியைப் போட்டு, உள்ளிருந்த பொருளின் குணத்தையே மாற்றிவிடும் வித்தையை இந்தச் சேலம் ஜில்லாக்காரர்கள் உண்மையாகவே செய்துவந்தார்கள். அந்தப் பானையில் இருந்தது சோறு அல்ல, இரும்பு. போட்ட குச்சி ஆவாரங்குச்சி!

ஆவாரங்குச்சியும் எருக்கிலையும்

கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேலத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற துரை இந்தத் தொழிலைக் கண்ணாரப் பார்த்து, 1839ஆம் வருஷம் வெளியான ஒரு கட்டுரையில் விவரித்திருக்கிறார்.

முதலில் சிறு மண் உலையில் கரியையும் தாதுவையும் மாற்றி மாற்றிக் கொட்டி, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பு எடுத்தார்கள். அது கடற்பஞ்சைப்போல் பொத்தல் விழுந்த இரும்பு. அடித்துக் கெட்டியாக்கினாலும் மிருதுவானது. அதைத் துண்டுகளாக வெட்டி, உமிக்கரி கலந்த செம்மண்ணால் செய்த சிறு மூசையில் வைத்தார்கள். கூடவே உலர்ந்த ஆவாரங்குச்சி, மேலே ஒன்றிரண்டு பச்சை எருக்கிலை. மூசையின் வாயைக் களிமண்ணால் அடைத்து உலர்த்தி, இருபது இருபத்துநாலு மூசைகளைக் கமான்போல் அடுக்கிக் கரி மூட்டி இரண்டரை மணி நேரம் ஓயாமல் ஊதினார்கள். ஆறியபின் மூசையை உடைத்தால் உள்ளே ஒரு ராத்தலுக்கு முன்பின்னான உருக்குக் கட்டி இருந்தது. இதற்குத்தான் வெள்ளைக்காரர்கள் 'வூட்ஸ்' என்று பெயர் சூட்டினார்கள். கன்னடத்து 'உக்கு' என்ற சொல் வாய் மாறியது அது என்பது பல அறிஞர்களின் அபிப்பிராயம்.

மூசைக்குள் நடந்தது என்ன? சுத்தமான இரும்பு உருகுவதற்கு 1,538 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணம் வேண்டும். ஆவாரங்குச்சி கரியாகி, அந்தக் கரி இரும்பில் ஊற ஊற, உருகு நிலை கீழே இறங்குகிறது. முடிவில் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் பங்கு கரி சேர்ந்த உருக்கு திரண்டுவிடுகிறது. இத்தொழில் மிகப் பழையது. நொய்யல் ஆற்றங்கரையில் சங்க நூல்கள் கூறும் கொடுமணலில், 1985 முதல் நடந்த அகழ்வாராய்ச்சியில் இரும்பு உருக்கிய உலைகளும் மூசைகளும் வெளிப்பட்டிருக்கின்றன.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. மூசையிலிருந்து எடுத்த கட்டியை அப்படியே சம்மட்டியால் அடித்தால் உடைந்துபோகும். ஆகையால் அதை மறுபடியும் கரி நெருப்பில் இட்டு, உருகுவதற்குச் சற்றுக் குறைந்த சூட்டில் புரட்டிப் புரட்டிப் பல மணி நேரம் வாட்டினார்கள் என்று ஹீத் துரை எழுதுகிறார். இந்த இரண்டாவது நெருப்பில்தான் முக்கியமான சூட்சுமம் இருக்கிறது.

அடுப்பங்கரைச் சாஸ்திரம்

வெல்லப்பாகு காய்ச்சிய அனுபவமுள்ள நம் வீட்டு ஸ்திரீகளுக்கு இதை விளக்குவது சுலபம். அதே வெல்லம், அதே தண்ணீர். ஆனால் கம்பிப் பதத்தில் இறக்கினால் ஒன்று, உருட்டுப் பதத்தில் இறக்கினால் வேறொன்று. பதம் தவறினால் அதிரசம் கல்லாகும். அல்லது எண்ணெயில் கரைந்து மறையும். உருக்கும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம். பாகு காய்ந்தால் தண்ணீர் குறைகிறது. உருக்கிலோ எதுவும் கூடாமல் குறையாமலேயே குணம் மாறிவிடுகிறது.

அது எப்படி? இரும்பின் அணுக்கள் கொலுப்படியில் பொம்மைகள் வைத்தாற்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டவை. சாதாரண நிலையில் ஒரு சிறு சதுரப் பெட்டியின் எட்டு மூலைகளிலும் ஒவ்வோர் அணு. பெட்டியின் நடு வயிற்றில் ஓர் அணு. 912 டிகிரிக்கு மேல் சூடேற்றினால் அடுக்கு மாறுகிறது. எட்டு மூலைகளோடு, பெட்டியின் ஆறு பக்கங்களிலும் நடுவே ஒவ்வோர் அணு வந்து அமர்கிறது. கரி கலந்த உருக்கில் இந்த மாறுதல் 727 டிகிரியிலேயே தொடங்கிவிடும். இரண்டாவது அடுக்கில் கரி அணுக்கள் வந்து தங்குவதற்கு இடம் உண்டு. முதல் அடுக்கிலோ அநேகமாக இல்லை.

செக்கச் செவேலென்று காய்ந்த உருக்கு, திருவிழாக் கூட்டம் நிறைந்த கோயில் மண்டபம் என்று வைத்துக்கொள்வோம். மெள்ள ஆறவிட்டால் கரி அணுக்கள் சாவகாசமாக மண்டபத்தை விட்டு வெளியேறுகின்றன. வெளியேறி, இரும்போடு கூடிக் கடினமான மெல்லிய தகடுகளாகின்றன. மெதுவான இரும்பு ஓர் அடுக்கு, கடினத் தகடு ஓர் அடுக்கு என்று பலகாரம்போல் அமைகிறது. பூதக்கண்ணாடியின் கீழ் முத்துச்சிப்பியின் உட்புறம்போல் மினுமினுப்பதால் இதற்குப் 'பெர்லைட்' என்று பெயர். இந்த உருக்கை அரத்தால் ராவலாம், வளைக்கலாம்.

அதே உருக்கைச் செந்தணலாக எடுத்துத் தண்ணீரில் முக்கிவிட்டாலோ? கூட்டம் கலையுமுன் மண்டபக் கதவைச் சாத்தினாற்போல் ஆகிறது. கரி அணுக்கள் உள்ளேயே சிறைப்பட்டு, இரும்பின் அடுக்கையே இழுத்துக் கோணலாக்கிவிடுகின்றன. நெரிசலில் யாரும் அசைய முடியாது. அசைய முடியாத இந்த நிலைதான் கடினம். ஜெர்மானிய அறிஞர் மார்டென்ஸின் பெயரால் இதை 'மார்ட்டென்ஸைட்' என்பார்கள். கண்ணாடியைக் கீறும், ஆனால் கண்ணாடியைப் போலவே உடையும்.

ஆகையால் மூன்றாவது காரியம் ஒன்று உண்டு. முக்கி எடுத்ததை மறுபடி இளஞ்சூட்டில் காய்ச்ச வேண்டும். சிறைப்பட்ட கரியில் ஒரு பகுதி விடுதலையாகும். கடினம் சிறிது குறையும். உடையும் குணம் பெரிதும் குறையும். நமது கிராமத்துக் கொல்லர் இதற்கு உஷ்ணமானி வைத்துக்கொள்ளவில்லை. அரிவாளின் வாயை மட்டும் நீரில் தோய்த்து எடுத்து, மேற்பரப்பைத் துலக்கிவிட்டுக் கண்ணால் பார்ப்பார். முதுகிலுள்ள சூடு வாய்ப்புறம் பரவும்போது வர்ணங்கள் ஓடிவரும். முதலில் வைக்கோல் மஞ்சள். அது சுமார் 220 டிகிரி. பிறகு பழுப்பு, ஊதா. கடைசியில் 300 டிகிரிக்கு அருகில் நீலம். சவரக் கத்திக்கு வைக்கோல் நிறம். உளிக்குப் பழுப்பும் ஊதாவும். வளைந்து நிமிரும் வில்லுக்கு நீலம். வேண்டிய வர்ணம் வந்த க்ஷணத்தில் முழுவதையும் நீரில் போட்டுவிடுவார். இதைத்தான் பட்டறையில் தோய்ச்சல் என்றும் துவைச்சல் என்றும் சொல்கிறார்கள். பெரிய தொழிற்சாலைகளில் மின்சார உலை வைத்துச் செய்வதும் சாராம்சத்தில் இதுவே.

சீமைக்குப் போன கட்டி

1794ஆம் வருஷம் பம்பாயிலிருந்து டாக்டர் ஸ்காட் என்பவர், லண்டன் ராயல் சொஸைட்டியின் தலைவரான ஸர் ஜோஸப் பாங்க்ஸுக்கு வூட்ஸ் கட்டிகள் சிலவற்றை அனுப்பினார். அங்குள்ள கொல்லர்கள் வழக்கம்போல் வெள்ளை நிறம் வரக் காய்ச்சி அடித்தார்கள். கட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. இவ்வளவு கரி சேர்ந்த உருக்கு, அதிகச் சூட்டில் உள்ளுக்குள்ளேயே உருகத் தொடங்கிவிடும். மங்கிய சிவப்பில் வைத்துப் பொறுமையாகத் தட்ட வேண்டும். கட்டி கப்பலேறியது, பதம் கப்பலேறவில்லை.

கொல்லர் மகனாகப் பிறந்து விஞ்ஞான உலகின் சிகரத்தை எட்டியவர் மைக்கேல் பாரடே. அவர் 1819இல் வூட்ஸை எடுத்துப் பரிசோதித்தார். அலுமினியம் கலந்திருப்பதுதான் அதன் மேன்மைக்குக் காரணம் என்று தீர்மானித்தார். அது தவறான தீர்மானம். ஆனால் மகான்களின் தவறும் வீண் போவதில்லை. "எதையாவது கலந்தால் உருக்கு உயரும்" என்ற எண்ணத்தோடு, கத்தி செய்யும் ஸ்டோடார்ட்டும் பாரடேயும் சேர்ந்து உருக்கில் வெள்ளி, பிளாட்டினம், ரோடியம், நிக்கல், குரோமியம் எல்லாவற்றையும் கலந்து பார்த்து, 1820இலும் 1822இலும் முடிவுகளை வெளியிட்டார்கள். நூறு வருஷத்துக்குப் பிறகு, 1931இல், ஸர் ராபர்ட் ஹாட்பீல்ட் பாரடேயின் துண்டுகளை எடுத்து ஆராய்ந்து, கலப்பு உருக்குச் சாஸ்திரத்தின் முன்னோடி அவரே என்று புகழ்ந்தார். அந்த மரத்தின் விதை இந்தியாவிலிருந்து போன ஒரு கட்டி என்பதை நாம் மறக்க வேண்டியதில்லை.

ஹீத் துரையின் கதை சோகமானது. அவர் 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலை வைத்தார். சேலத்துத் தாது அங்கே போயிற்று. கரிக்காகக் காடுகள் அழிந்தன, லாபம் வரவில்லை. அவர் இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீஸ் சேர்க்கும் முறைக்கு 1839இல் உரிமை பெற்றார். ஷெப்பீல்டு முதலாளிகள் அம்முறையால் செழித்தார்கள். ஹீத் துரை கோர்ட்டு வாசலில் நின்று நின்று, வழக்கு முடியாமலே 1851இல் காலமானார். பரங்கிப்பேட்டை உலைகளும் பின்பு அணைந்தன. மலிவான சீமை இரும்பு வந்து குவிய, கரியும் கிடைப்பது அரிதாக, கிராமத்து மூசைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் குளிர்ந்தன. எழுதிவைக்கப்படாத வித்தை, கடைசிக் கையோடு மறைந்தது.

கலப்பு பாதி, சூடு பாதி

கலப்பு உருக்கில் குரோமியமும் நிக்கலும் என்ன செய்கின்றன? வெறும் கரி உருக்குக்கு ஒரு குறை உண்டு. கதவைச் சாத்துவதில் அது மகா அவசரக்காரன். க்ஷண நேரத்தில் குளிர்ந்தால்தான் கரி சிறைப்படும். மெல்லிய கத்திக்கு அது சரி. கனமான மோட்டார் அச்சுக்கு? மேலே குளிர்ந்து கடினமாகும். உள்ளே மெள்ள ஆறி மிருதுவாகிவிடும். தண்ணீரின் வேகத்தில் வெடிப்பும் விழும். குரோமியம், நிக்கல், மாலிப்டினம் ஆகியவற்றின் பெரிய அணுக்களோ, மண்டப வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்ட கிழவர்களைப் போன்றவை. அவற்றைத் தாண்டிக் கூட்டம் சீக்கிரம் வெளியேற முடியாது. ஆகவே கதவை நிதானமாகச் சாத்தலாம். தண்ணீருக்குப் பதில் எண்ணெய் போதும். சில கலப்புகளுக்கு வெறுங்காற்றே போதும். கனமான அச்சும் உள்வரையில் ஒரே சீராக உரம் பெறும்.

ஓர் உதாரணம் போதும். நூற்றுக்கு 0.4 பங்கு கரியும், சுமார் 1.8 பங்கு நிக்கலும், 0.8 பங்கு குரோமியமும், கால் பங்கு மாலிப்டினமும் சேர்ந்த உருக்கு ஒன்று யந்திர அச்சுகளுக்குப் பிரசித்தமானது. அதை உலையோடு மெள்ள ஆறவிட்டால், சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 75 கிலோ பாரம் தாங்கும். 840 டிகிரிக்கு மேல் காய்ச்சி எண்ணெயில் முக்கி, 200 டிகிரியில் இளஞ்சூடு காட்டினால் சுமார் 190 கிலோ தாங்கும். அதே இளஞ்சூட்டை 540 டிகிரியாக உயர்த்தினால் சுமார் 120 கிலோ. ஆனால் திடீர் அடியைத் தாங்கும் குணம் மிகுதி. விலையுயர்ந்த நிக்கலும் குரோமியமும் மூன்றிலும் ஒன்றே. இரண்டரை மடங்கு பலத்தைக் கொடுத்ததும் கெடுத்ததும் சூடுதான். பதமறியாதவன் கையில் அந்தச் சரக்கு, கஞ்சன் வீட்டுப் பொற்காசைப்போலத் தூங்கிக்கொண்டிருக்கும்.

மலையடி இரும்பாலை

மலையை விட்டுத் திரும்பினால் அடிவாரத்தில் கூரை கூரையாக நீண்டு கிடக்கிறது சேலம் உருக்காலை. இதைச் சேலத்தார் இரும்பாலை என்றே அழைக்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பின் தமிழ்நாடு நெடுங்காலம் கேட்டுப் பெற்ற ஆலை இது. 1970இல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1980களின் தொடக்கத்தில் தகடு வரத் தொடங்கியது. கஞ்சமலைத் தாதுவை உருக்குவதே ஆதியில் எழுந்த ஆசை. நடந்ததோ வேறு. தாதுவில் இரும்பு நூற்றுக்குச் சுமார் 35 பங்குதான். வெளியிலிருந்து தடித்த தகட்டைத் தருவித்து இங்கே மெல்லியதாக உருட்டுவதோடு ஆலை தொழிலைத் தொடங்கியது. உருக்கும் கூடம் 2010இல்தான் சேர்ந்தது. மலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறது!

இங்கே உருவாவது நம் வீட்டு எவர்சில்வர். நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் சேர்ந்த வகை இதில் பிரசித்தமானது. நிக்கலின் தயவால், சூட்டில் மட்டும் இருக்க வேண்டிய அந்த இரண்டாவது அடுக்கு, ஆறிய பின்பும் மாறாமல் நின்றுவிடுகிறது. அதனால் இதன் பதமே தலைகீழ். கரி உருக்கைக் காய்ச்சி முக்கினால் கடினமாகும். இதைச் சுமார் 1,050 டிகிரிக்குக் காய்ச்சிச் சட்டென்று குளிர்வித்தால் மிருதுவாகும்! உருளைகளில் நசுங்கிக் கடினமான தகட்டை இப்படித்தான் மறுபடி இளக்குகிறார்கள். மெள்ள ஆறவிட்டாலோ, குரோமியம் கரியோடு கூடி ஓரங்களில் ஒதுங்கும்; அங்கே துருப்பிடிக்கும்.

நேயர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நிக்கல் சேர்ந்த நல்ல எவர்சில்வர்ப் பாத்திரத்தின் அடியில் காந்தத்தை வைத்தால் ஒட்டாது. விளிம்பை மடித்த இடத்தில் மாத்திரம் லேசாக இழுக்கலாம். இவ்வாலையில் நாணயத்துக்காகவும் வில்லைகள் வெட்டியிருக்கிறார்கள். நிக்கலில்லாத குரோமிய உருக்கு நாணயம் காந்தத்தில் ஓடி ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்கு இரண்டும் ஒரே வெள்ளை. உள்ளே கொலுவின் அடுக்கு வேறு.

சேலத்துக்கு வடக்கே, ஏற்காட்டு மலையடியில், வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. அந்தக் கல்லைச் சுட்டுச் செய்த செங்கல்தான் உருக்கு உலைகளின் கொதிப்பைத் தாங்குகிறது. தாது ஒரு புறம். உலைக்குக் கல் மறு புறம். பகவான் சேலத்துக்குக் குறை ஒன்றும் வைக்கவில்லை.

நமக்குத் தாது இருந்தது, தழை இருந்தது, கை இருந்தது. அந்தக் கை அறிந்ததை அளந்து, எழுதி, அடுத்த தலைமுறைக்குச் சொல்லிவைக்கும் வழக்கம் மட்டும் இல்லை. "அந்தக் காலத்தில் நம்மிடம் எல்லாம் இருந்தது" என்று மார்தட்டிக்கொள்வது சுலபம். ஆனால் இன்றைக்கும் சேலத்துப் பட்டறைகளில் வர்ணம் பார்த்து அரிவாளைத் தோய்க்கும் கொல்லர்கள் இருக்கிறார்கள். அவர்கள் அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடும் உஷ்ணமானியோடும் நம் வீட்டுப் பிள்ளைகள் போய் உட்கார வேண்டும். பிள்ளைக்குக் கொல்லர் பதம் சொல்லிக்கொடுக்கட்டும். கொல்லருக்குப் பிள்ளை டிகிரி சொல்லிக்கொடுக்கட்டும். அந்த இருவரும் சந்திக்கும் பட்டறையில், கஞ்சமலைச் சித்தரின் குச்சி மறுபடி வேலை செய்யத் தொடங்கும்.